விண்வெளிப் போட்டியும் ஆங்கிலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் ஊர் நூலகங்களிலும் விண்வெளி வரலாறு பற்றிப் பேசப் போகும்போதெல்லாம், ராக்கெட்டைப் பற்றிய கேள்விகளுக்கு இணையாக மொழியைப் பற்றிய கேள்விகளும் வருகின்றன. பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதி விடை சேர்த்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னதைச் சார்ந்து நிற்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. நிலாவில் அமெரிக்கா முதலில் இறங்கியதால்தானே ஆங்கிலம் உலக மொழி ஆச்சு?

இல்லை. 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைப்பதற்கு வெகு முன்பே, பிரிட்டனின் குடியேற்ற ஆட்சியும் கப்பல் வணிகமும் ஆங்கிலத்தைக் கண்டம் கண்டமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் பணமும் திரைப்படமும் அதைத் தொடர்ந்து சுமந்தன. அறிவியலில் மட்டும் நிலைமை சற்று வேறாக இருந்தது. முதல் உலகப் போர் வரை ஜெர்மனும் பிரெஞ்சும் ஆங்கிலமும் அங்கே ஏறத்தாழச் சமமாக ஆண்டன. அப்போருக்குப் பின் ஜெர்மன் அறிவியலாளர்கள் பன்னாட்டு மாநாடுகளிலிருந்து சில காலம் விலக்கி வைக்கப்பட்டதும், 1933க்குப் பின் யூத அறிவியலாளர்கள் ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அடைக்கலம் தேடியதும் ஜெர்மன் மொழியின் இடத்தைக் குலைத்தன.

முதலில் சாதித்தவரின் மொழிதான் வெல்லும் என்றால், நாமெல்லாம் இன்று ரஷ்ய மொழி படித்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் செயற்கைக்கோள், விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர், முதல் பெண், கலத்தைவிட்டு வெளியே வந்து மிதந்த முதல் வீரர் என எல்லாமே சோவியத் ஒன்றியத்தின் கணக்கில் இருப்பவை. இவ்விரு நாடுகளும் நடத்திய விண்வெளிப் போட்டி ஆங்கிலத்துக்கு உதவியது உண்மை. ஆனால் அந்த உதவி நிலாவில் நடக்கவில்லை, அச்சகங்களில் நடந்தது. அதை ஐந்தாம் விடையில் விரிவாகச் சொல்கிறேன்.

2. இந்தப் போட்டி எந்த வருஷம் ஆரம்பிச்சு எந்த வருஷம் முடிஞ்சது?

சோவியத்தின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்ட 1957 அக்டோபர் 4ஐத் தொடக்கமாகவும், அமெரிக்க அப்பல்லோ கலமும் சோவியத் சோயுஸ் கலமும் வானில் இணைந்த 1975 ஜூலையை முடிவாகவும் கொள்வது வழக்கம். வசதிக்காகப் போடப்பட்ட எல்லைகள் இவை.

3. அதுக்கு முன்னாடி ராக்கெட் அறிவியல் எந்த மொழியில் இருந்தது?

மூன்று மொழிகளில் இருந்தது. ஒன்றில் எழுதியது மற்ற இரண்டுக்கும் எளிதில் போய்ச் சேரவில்லை. ரஷ்யாவின் கலூகா என்ற சிறு நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த கன்ஸ்தன்தீன் சியல்கோவ்ஸ்கி, ராக்கெட்டால் விண்வெளிக்குப் போக முடியும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டிய கட்டுரையை 1903இல் ரஷ்ய மொழியில் வெளியிட்டார். அமெரிக்காவின் ராபர்ட் காடார்டு தம் ஆய்வை 1919இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஹெர்மன் ஓபெர்த்தின் நூல் 1923இல் ஜெர்மனில் வந்தது. மூவரும் தத்தம் வழியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்.

ஓபெர்த்தின் நூலைப் பற்றிய செய்தி ரஷ்யாவுக்கு எட்டியதும், சியல்கோவ்ஸ்கியின் பழைய கட்டுரை 1924இல் கலூகாவில் மறுபடி அச்சிடப்பட்டது. ரஷ்யக் கட்டுரைக்கு முன்னுரை மட்டும் ஜெர்மனில் எழுதப்பட்டிருந்தது. "இதை நாங்கள் இருபது ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டோம்" என்பதை உலகத்துக்குத் தெரிவிக்க அன்று ஜெர்மன்தான் தேவைப்பட்டது. ஆங்கிலம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. இந்தச் சிறு வெளியீடு ஒரு காலத்தின் மொழி நிலவரத்தை மொத்தமாகக் காட்டிவிடுகிறது என்பது என் எண்ணம்.

4. ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கர்கள் ரஷ்ய மொழி படிக்க ஓடினாங்களாமே, உண்மையா?

உண்மை. 83.6 கிலோ எடையுள்ள அந்த உருண்டை அனுப்பிய 'பீப், பீப்' ஒலியை உலகெங்கும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் கேட்டார்கள். அது எந்த அலைவரிசைகளில் ஒலிக்கும் என்ற விவரம் ஏவுவதற்குச் சில மாதங்கள் முன்பே சோவியத் வானொலி ஆர்வலர்களின் இதழில் வெளிவந்திருந்தது. ரஷ்ய மொழியில் வந்ததால் மேற்கில் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. எதிரி ஒளித்து வைக்காத செய்தியைக்கூடப் படிக்கத் தெரியவில்லை என்ற வெட்கம் அமெரிக்காவில் பலமாகவே எழுந்தது.

1958 செப்டம்பர் 2 அன்று அதிபர் ஐசன்ஹோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கணிதம், அறிவியல் ஆகியவற்றோடு அயல்மொழிக் கல்விக்கும் அது அரசுப் பணத்தைத் திறந்துவிட்டது. அச்சட்டத்தின் ஆறாம் பிரிவின்கீழ் வந்த நிதி தெற்காசிய ஆய்வு மையங்களுக்கும் போயிற்று. சிகாகோ, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களில் தமிழ் வகுப்புகள் நிலைபெற அந்தப் பணமும் ஒரு காரணம். ரஷ்யர்கள் விட்ட செயற்கைக்கோளால் அமெரிக்காவில் தமிழ் படித்தவர்களும் உண்டு என்றால் கேட்பவர்கள் முதலில் நம்புவதில்லை.

5. அப்படின்னா ரஷ்ய மொழிதானே வளர்ந்திருக்கணும்? ஆங்கிலம் எப்படி லாபம் அடைஞ்சது?

இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான். அறிவியலாளர்கள் எல்லோரையும் ரஷ்ய மொழி படிக்க வைப்பது நடக்காது என்பதை அமெரிக்கா விரைவிலேயே உணர்ந்துகொண்டது. ஒரு வேதியியலாளர் தம் வேலையை விட்டுவிட்டு வேற்றுமைகளையும் வினைவடிவங்களையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்க முடியாது. முதலில் இயந்திரத்தை நம்பிப் பார்த்தார்கள். 1954 ஜனவரி 7 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து, 250 சொற்களையும் ஆறு இலக்கண விதிகளையும் வைத்துக்கொண்டு, அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைக் கணினியால் ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டின. சில ஆண்டுகளில் முழுமையாகக் கைகூடிவிடும் என்று நம்பிப் பணம் கொட்டப்பட்டது. 1966இல் வந்த அரசுக் குழுவின் அறிக்கை, இயந்திர மொழிபெயர்ப்பு மனிதர் செய்வதைவிட மெதுவானது, துல்லியம் குறைந்தது, செலவு மிக்கது என்று சொல்லி அந்த ஆசைக்கு நீண்ட காலம் தாழ்ப்பாள் போட்டது.

கைகொடுத்தது பழைய வழிதான். சோவியத் ஆய்விதழ்களை அட்டை முதல் அட்டை வரை, ஒரு கட்டுரையும் விடாமல், இதழுக்கு இதழ் மனிதர்களைக் கொண்டு மொழிபெயர்த்து அச்சிட்டார்கள். சோவியத்தின் முதன்மையான இயற்பியல் ஆய்விதழ் ஒன்றை அமெரிக்க இயற்பியல் கழகம் 1955இலிருந்தே இப்படி ஆங்கிலத்தில் வெளியிட்டு வந்தது. ஸ்புட்னிக்குக்குப் பிறகு இந்த வேலை பல துறைகளுக்கும் பரவியது.

அமெரிக்கருக்காகச் செய்த இந்த வேலையின் பெரும்பயன் மூன்றாம் நாட்டவருக்குப் போய்ச் சேர்ந்தது. டோக்கியோவிலோ கெய்ரோவிலோ பெங்களூரிலோ இருந்த ஓர் ஆய்வாளர் அமெரிக்க அறிவியலுக்கு ஆங்கிலமும் சோவியத் அறிவியலுக்கு ரஷ்யமும் கற்க வேண்டியிருந்த நிலை மாறி, ஆங்கிலம் ஒன்றைக் கற்றாலே இரு கிடங்குகளின் சாவியும் கையில் கிடைத்தது. ரஷ்ய மொழியைப் படிக்க வேண்டிய தேவையை ரஷ்ய அறிவியலின் உயர்வே இப்படிக் குறைத்துவிட்டது. போட்டியாளனை மதித்து மொழிபெயர்த்ததுதான் ஆங்கிலத்துக்கு இந்தத் துறையில் கிடைத்த பெரிய முதலீடு என்று நான் நினைக்கிறேன்; நிலாப் பயணத்தின் நேரடி ஒலிபரப்பு அதற்கு அடுத்துத்தான்.

6. ஆனா சோவியத்காரங்க தமிழிலேயே புத்தகம் போட்டாங்களே?

போட்டார்கள், நன்றாகவே போட்டார்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் வெளியிட்ட தமிழ் நூல்கள் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக ஊர் ஊராக மலிவு விலைக்கு வந்தன. 'சோவியத் நாடு' இதழின் வழவழத் தாளில் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரான யூரி ககாரினின் முகத்தைத் தமிழ் வீடுகள் பலவும் முதலில் பார்த்தது அத்தகைய தாள்களில்தான்.

ஆனால் கல்லூரி வாசலைத் தாண்டியதும் நிலைமை மாறியது. மீர் பதிப்பகத்தின் இயற்பியல், கணித நூல்கள் நம் பொறியியல் மாணவர்களின் கைக்கு ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தன. இந்தியாவில் உயர்கல்வி ஆங்கிலத்தில் நடந்ததால் மாஸ்கோவும் அந்த வழியையே எடுத்துக்கொண்டது. ஐந்தாம் விடையில் அமெரிக்கா செய்ததாகச் சொன்ன வேலையில் ஒரு பங்கைச் சோவியத் ஒன்றியம் தன் செலவிலேயே செய்து கொடுத்தது.

7. அஸ்ட்ரோநாட், காஸ்மோநாட்னு ஏன் ரெண்டு பேர்? ரெண்டும் ஒண்ணுதானே?

வேலை ஒன்றுதான், கொடிதான் வேறு. இரண்டும் கிரேக்க வேர்களிலிருந்து வந்தவை. முதலாவது விண்மீன்களிடையே கலம் செலுத்துபவர் என்றும், இரண்டாவது பேரண்டத்தில் கலம் செலுத்துபவர் என்றும் பொருள்படும். சீன வீரர்களுக்கு ஆங்கில ஊடகங்கள் 'டைக்கோநாட்' என்று பெயர் வைத்தன. சீனர்கள் தம் மொழியில் சொல்வது 'ஹாங்தியென்யுவான்'. இந்தியாவில் 'ககன்யாத்ரி' வழக்கில் வந்திருக்கிறது. தமிழில் 'விண்வெளி வீரர்' என்ற ஒரே சொல் எல்லா நாட்டவருக்கும் பொருந்துவது நமக்கு ஒரு வசதி. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் அவர்களை மனித குலத்தின் தூதர்கள் என்கிறது. அதன் ஆங்கிலப் படியில் அவர் அஸ்ட்ரோநாட், ரஷ்யப் படியில் காஸ்மோநாட். ஆங்கிலம், ரஷ்யம், பிரெஞ்சு, ஸ்பானியம், சீனம் ஆகிய ஐந்து படிகளுக்கும் சம மதிப்பு உண்டு.

ரஷ்யச் சொற்களும் ஆங்கிலத்துக்குள் நுழையாமல் இல்லை. 'ஸ்புட்னிக்' என்றால் வழித்துணை என்று பொருள். அமெரிக்காவின் வேன்கார்டு ராக்கெட் 1957 டிசம்பர் 6 அன்று ஏவுதளத்திலேயே வெடித்தபோது, அந்நாட்டுப் பத்திரிகைகளே அதை 'ஃப்ளாப்னிக்', 'கபுட்னிக்' என்று கேலி செய்தன.

8. நிலாவில் உள்ள இடங்களுக்கு ஏன் ஆங்கிலப் பேர் இல்லை?

அங்கே இன்னும் லத்தீன்தான் ஆட்சி செய்கிறது. அப்பல்லோ 11 இறங்கிய அமைதிக் கடலின் முறையான பெயர் 'மரே டிராங்குவிலிடாடிஸ்'. 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 நிலாவின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படமெடுத்து, அங்கிருந்த ஒரு சமவெளிக்கு மாஸ்கோவின் பெயரைச் சூட்டியபோதும், பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பட்டியலில் அது 'மரே மாஸ்கோவியென்ஸ்' என்றே ஏறியது. சந்திரயான் 3 இறங்கிய இடமும் 2024இல் 'ஸ்டேஷியோ சிவசக்தி' ஆயிற்று.

9. 1975இல் ரெண்டு நாட்டு விண்கலமும் சேர்ந்தப்போ யார் மொழியில் பேசினாங்க?

ஒவ்வொருவரும் எதிராளியின் மொழியில் பேசினார்கள். தாமஸ் ஸ்டாஃபோர்டு, வான்ஸ் பிராண்டு, டீக் ஸ்லேட்டன் ஆகிய மூன்று அமெரிக்கர்கள் ரஷ்யத்திலும், அலெக்சேய் லியோனவ், வலேரி குபாசவ் ஆகிய இரு சோவியத் வீரர்கள் ஆங்கிலத்திலும் பேசினார்கள். மரியாதைக்காகச் செய்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட நடைமுறைப் பயன்தான் பெரிது. தாய்மொழியில் பேசுபவர் வேகமாகவும் வட்டார வழக்கோடும் பேசிவிடுவார். கற்ற மொழியில் பேசுபவர் தேர்ந்த சொற்களை மெதுவாகத்தான் சொல்வார், அதைக் கேட்பவருக்கோ அது தாய்மொழி. ஸ்டாஃபோர்டு ஒக்லஹோமாக்காரர் என்பதால், இந்தப் பயணத்தில் ஆங்கிலம், ரஷ்யம், 'ஒக்லஹோம்ஸ்கி' என மூன்று மொழிகள் புழங்கின என்று லியோனவ் கேலி செய்வார்.

இணைப்புக் கருவியிலும் இதே சிந்தனை இருந்தது. வழக்கமான இணைப்பில் ஒரு கலம் நுழையும், மற்றது ஏற்கும். இங்கே எந்த நாடு நுழைவது என்ற சங்கடம் எழாதபடி, இரு பக்கமும் ஒரே அமைப்பில் இருந்து, எதுவும் செயல்படும் பக்கமாக இருக்கக்கூடிய ஒரு கருவியை இரு நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். மொழியிலும் உலோகத்திலும் இத்தனை சமத்துவம் பார்த்து நடந்த விண்வெளிப் பயணம் வேறொன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

10. இப்போ விண்வெளி நிலையத்தில் ஆங்கிலம் மட்டும் தெரிஞ்சா போதாதா?

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பணிமொழி ஆங்கிலம். ஆனாலும் ரஷ்ய மொழியும் வேண்டும். 2011இல் அமெரிக்க விண்வெளி ஓடங்கள் ஓய்வு பெற்றதிலிருந்து 2020இல் அமெரிக்காவின் டிராகன் கலம் வீரர்களை ஏற்றிச் செல்லும் வரை, நிலையத்துக்குப் போக சோயுஸ் ஒன்றே வழியாக இருந்தது. அதன் பொத்தான்களின் மேல் இருக்கும் எழுத்தும், கையேடும், தரைக்கட்டுப்பாட்டின் பேச்சும் ரஷ்யம். அவசர நேரத்தில் அகராதி புரட்ட முடியாது. 1998 ஜனவரி 29 அன்று கையெழுத்தான நிலைய ஒப்பந்தமும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஜப்பானியம், ரஷ்யம் ஆகிய ஆறு மொழிப் படிகளையும் சம மதிப்புடையவையாகவே வைத்திருக்கிறது.

உள்ளே வாழ்பவர்கள் இரண்டையும் கலந்து பேசுவதுண்டு. 2000 நவம்பரில் குடியேறிய முதல் குழுவிலிருந்த செர்கேய் கிரிகலியோவ் அந்தக் கலவையை விளையாட்டாக 'ரங்லிஷ்' என்றார். தமிங்கிலத்தில் பழகிய நமக்கு அது வியப்பாக இருக்காது.

11. ராகேஷ் சர்மா ரஷ்ய மொழி படிச்சார், சுக்லாவுக்கு ஆங்கிலம் போதுமா இருந்தது. காலம் மாறினதாலா?

வண்டி மாறியதால். பத்தாம் விடையில் சொன்ன விதி இங்கும் செல்லும்: வண்டி யாருடையதோ, அவருடைய மொழியை ஏறுகிறவர் கற்க வேண்டும். 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சென்றது சோவியத்தின் சோயுஸ் டி-11 கலத்தில். 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சென்றது அமெரிக்க டிராகன் கலத்தில். ககன்யான் திட்டத்துக்காக ரஷ்யாவில் பயிற்சி பெற்ற நால்வரில் சுக்லாவும் ஒருவர் என்பதால் அவரும் ரஷ்ய மொழிப் பக்கம் போகாதவர் அல்லர். பிரதமரோடு பேசும்போது இருவருமே இந்திக்கு வந்தார்கள்.

சுக்லாவின் குழுவில் ஒரு போலந்துக்காரரும் ஒரு ஹங்கேரியரும் இருந்தார்கள். இந்த மூன்று நாடுகளும் தம் முதல் வீரர்களை முறையே 1984, 1978, 1980 ஆண்டுகளில் சோயுஸில் ரஷ்ய மொழி பேசி அனுப்பியவை; அதே மூன்று நாடுகளும் நாற்பதாண்டு கழித்து ஒரே கலத்தில் ஆங்கிலம் பேசிப் போயின. இடையில் என்ன நடந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

12. சீனா முன்னேறிட்டா சீன மொழி அந்த இடத்துக்கு வருமா?

சீன நிலையத்தில் ஏற்கெனவே சீனம்தான். தியான்கொங் நிலையத்தின் கருவிப் பலகைகள் சீன எழுத்தில் இருக்கின்றன. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டியும் மத்தியாஸ் மாவ்ரரும் சீன மொழி கற்று, 2017இல் சீன வீரர்களோடு கடலில் உயிர்பிழைக்கும் பயிற்சியும் எடுத்தார்கள். தென்னமெரிக்காவில் பிரான்சின் ஆட்சிப் பகுதியிலுள்ள கூரூ ஏவுதளத்தில், ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டுக்கு இறங்குமுக எண்ணிக்கை பிரெஞ்சில்தான் ஒலிக்கும்.

ஆனால் வண்டிக்குள் பேசும் மொழியும் ஆய்வை எழுதும் மொழியும் ஒன்றல்ல. முன்னது வண்டி இருக்கும் வரை நிற்கும். பின்னது ஐந்தாம் விடையில் சொன்னதைப் போல மற்ற மொழிகளின் சரக்கையும் தன்னிடம் சேர்த்து வைத்திருப்பதால்தான் நிற்கிறது. சீன ஆய்வாளர்கள் தம் சிறந்த முடிவுகளை இன்றும் பெரும்பாலும் ஆங்கில இதழ்களுக்கு அனுப்புகிறார்கள். அது மாறும் நாளில் உங்கள் கேள்விக்கு வேறு விடை எழுத வேண்டியிருக்கும்.

13. எல்லாரும் ஒரே மொழி பேசினா தப்பே நடக்காதே?

1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்த அமெரிக்காவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அழிந்துபோனது. அதைக் கட்டிய நிறுவனமும் வழிநடத்திய நாசா குழுவும் பேசியது ஒரே ஆங்கிலம். ஒரு தரப்பின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. மறு தரப்பு அதை நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு கணக்கும் 4.45 மடங்கு பிசகியது. 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கி வளிமண்டலத்தில் சிக்கியது. 1975இல் இரு மொழிக்காரர்கள் ஒருவர் சொல்லை ஒருவர் சரிபார்த்து இணைந்ததை (ஒன்பதாம் விடை) இதன் அருகில் வைத்துப் பாருங்கள். வேற்று மொழிக்காரரிடம் நாம் இரண்டு முறை கேட்கிறோம், நம் மொழிக்காரரிடம் கேட்பதில்லை.

14. வாயேஜர் தட்டில் தமிழ் இல்லையாமே, நிஜமா?

நிஜம். 1977இல், சூரியக் குடும்பத்தைத் தாண்டிச் செல்லும் இரு வாயேஜர் கலங்களிலும், வேற்றுலகத்தார் யாரேனும் கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று வைத்து அனுப்பிய பொன்முலாம் பூசிய இசைத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம், மராத்தி, ஒரியா, ராஜஸ்தானி ஆகியவை உண்டு. பேசுவோர் மறைந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆன சுமேரியமும் ஹிட்டைட்டும் உண்டு. தமிழும் மலையாளமும் இல்லை.

சதி என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அப்படி எதுவும் இல்லை. உலகில் அதிகம் பேசப்படும் 25 மொழிகளாவது இடம்பெற வேண்டும் என்று தொடங்கிய வேலை, குறுகிய காலத்தில், பெரும்பாலும் நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கைக்கெட்டியவர்களைக் கொண்டு முடிக்கப்பட்டது. அன்று வந்து பேசியவரின் மொழி ஏறியது. ஆங்கிலத்துக்கு மட்டும் மூன்று இடம் கிடைத்தது: ஒரு சிறுவனின் வாழ்த்து, ஐ.நா. பொதுச்செயலரின் குரல், அமெரிக்க அதிபர் கார்ட்டரின் எழுத்துச் செய்தி. கலமும் தட்டும் அமெரிக்கர்களுடையவை.